எலிப்பொறியிற் கூகையும் பருந்தும் அகப்படாமற் காத்தல்

நெல் வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் எலியை அடக்குவதற்குப் பொறி வைத்தல் கமஞ்செய்வோர் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் முறையாகும். ஆனால், எலி எது, பறவை எது என்று பொறி அறியாது. கவனமின்றி வைத்த பொறியில், எலியைத் தின்னவந்த கூகையோ பருந்தோ கால் முறிந்து கிடப்பதுண்டு. அவ்வாறு நேரின், எலிக்குப் பகையான பறவையைக் கமக்காரர் தம் கையாலேயே அழித்தவராவர்.

இப்பறவைகளின் பயன்

கூகை இரவில் வேட்டையாடும். எலியை முழுதாக விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அது தங்கும் மரப்பொந்தின் கீழ்க் கிடக்கும் உருண்டைகளை உடைத்துப் பார்த்தால் எலியின் மண்டையோடுகளைக் காணலாம். கருஞ்சிறகுப் பருந்து பகலில் வயலின் மேல் ஒரே இடத்திற் சிறகடித்து நின்று, எலியைக் கண்டதும் கீழே பாயும்.

பெண் கூகை ஏறக்குறைய 30 நாள் அடைகாக்கும். அக்காலத்தில் ஆண் கூகையே அதற்கு இரை கொண்டுவரும். ஆண் பறவை பொறியிற் சிக்கினால் கூட்டிலுள்ள முட்டைகளும் குஞ்சுகளும் அழிய நேரிடும். எலியோ சினைப்பட்டு மூன்று வாரத்திற் குட்டிகளை ஈனும். பயிர் குடலைப் பருவம் அடைந்தபின் விரைவாகப் பெருகும். கூகையின் இழப்பு கமக்காரரின் இழப்பேயாகும். ஆகவே, அதன் குரலை அபசகுனமெனக் கருதி அதனைத் துரத்துதலும் தகாது.

அகப்படுவதற்குக் காரணம்

பருந்து கண்ணால் இரை தேடும். வெளியே தெரியும் மீன் துண்டும், பொறியில் அகப்பட்டுத் துடிக்கும் எலியும் அதனைக் கவரும். கூகை செவியால் இரையை அறியும். எலி ஓடும் ஒலி கேட்ட இடத்திற் கால்களை நீட்டிப் பாயும். எலிப்பாதையில் உள்ள பொறி மூடப்படாதிருப்பின் அதன் கால் அதில் விழும்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. பொறியைப் பலகையாலோ ஓட்டாலோ மூடவேண்டும். மூடி 45 சென்ரிமீற்றர் நீளமிருத்தல் நன்று. விசை தடையின்றி மடிய உள்ளே இடம்விட்டு, இரு வாய்களையும் 7 சென்ரிமீற்றர் அளவிற்குச் சுருக்கி, பொறியை நடுவில் வைக்கவேண்டும்.

2. மீனும் இறைச்சியும் இரையாக வைத்தலாகாது. சுட்ட தேங்காய்த் துண்டு போதும்.

3. கம்பின் உச்சியிற் பொறி வைத்தலாகாது. கம்பிச் சுருக்கும் பசைத் தட்டும் வெளியிடங்களுக்கு ஏற்றவையல்ல.

4. பொறியை மாலையில் ஏற்றி, விடியற்காலையிற் பார்த்து இறக்கிவிடவேண்டும். பகற்பறவைகள் இதனால் தப்பும்.

5. இயன்றவிடத்துக் கூட்டுப்பொறியையே பயன்படுத்தவேண்டும். தவறி அகப்பட்ட உயிரை ஊறின்றி விடலாம்.

6. செத்த எலிகளை உடனே புதைக்கவேண்டும். நஞ்சுண்ட எலியைத் தின்னும் பறவையும் நஞ்சால் இறக்கக்கூடும்.

பறவை அகப்பட்டால்

சாக்கினால் அதனை மூடி, நகங்களுக்கு மேலே இரு கால்களையும் சேர்த்துப் பிடித்துப் பொறியைத் திறக்கவேண்டும். காயமில்லையெனின் பருந்தைப் பகலிலும் கூகையை அந்தியிலும் விடலாம். காயமிருப்பின், காற்றுத் துளைகளுள்ள பெட்டியில் இருட்டாக வைத்து, உணவும் நீரும் வலிந்து ஊட்டாது, அண்மையிலுள்ள வனசீவராசிகள் அலுவலகத்திற்கு அறிவிக்கவேண்டும். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இப்பறவைகளைப் பிடித்தலும் கொல்லுதலும் குற்றமாகும்.

வரம்புகளைச் சிறிதாகக் கட்டிப் புல்லை அகற்றி, அயல் வயல்களிலும் ஒரே காலத்தில் விதைத்தால் எலி குறையும். பொறியின் தேவையும் குறையும். பொறியில்லாத இடங்களிற் தென்னை மட்டைகளை நாட்டிவைத்தால், கூகை இரவில் அவற்றில் அமர்ந்து எலி பிடிக்கும். கூலியின்றி வயலைக் காக்கும் அக்காவலனைக் காத்தல் கமஞ்செய்வோர் கடனாகும்.