சுரங்க நிலமும் நீர் வடிகாலும்

நெய்வேலியில் 1957-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரிச் சுரங்க வேலை தொடங்கப்பெற்றதை நம் உழவர்கள் அறிவர். அங்கு ஒரு டன் நிலக்கரி எடுக்க, அதன்மேல் கிடக்கும் மண்ணையும் மணற்பாறையையும் சுமார் 5 கன மீட்டருக்கு மேல் அகற்ற வேண்டியுள்ளது. அகற்றிய மண் புறத்தே மேடாகவும், நிலக்கரி எடுத்து முடிந்த பள்ளத்திலும் கொட்டப்படுகிறது. அதன்மேல் மீண்டும் மரமும் பயிரும் வளர்ப்பதே நிலமீட்பு. இப்பணியில் நாற்று நடுவதினும் முந்திக் கவனிக்கற்பாலது மழைநீர் இறங்கும் வழியேயாகும்.

கொட்டிய மண்ணின் இயல்பு

இயற்கை நிலத்தில் வேர்களும் மண்புழு வளைகளும் மழைநீரை உள்ளே இழுக்கும். கொட்டிய மண்ணில் இவை இல்லை. கனத்த இயந்திரங்கள் ஓடியதால் மேற்பரப்பு இறுகியிருக்கும். அடிப்பகுதியோ பல ஆண்டுகள் சிறிது சிறிதாக அமிழும். ஆகவே நீர் மிகுதியாக மேலோடும். அது ஓடும் தரையும் நிலையாக நில்லாது.

வாய்க்கால் உடையும் விதம்

சரிவில் படிகள் அமைத்து, படிதோறும் வாய்க்கால் வெட்டி, அவற்றைக் கீழிறங்கும் பெரிய வடிகாலில் சேர்ப்பது வழக்கம். வாய்க்காலின் கரை ஓரிடத்தில் அரையடி அமிழ்ந்தாலும், நீர் அவ்விடத்தே கரை வழிந்து சரிவில் பாயும். நீரின் வேகம் இருமடங்கானால் அது உருட்டவல்ல கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியல் விதி. ஆதலின் முதல் மழையில் விரலகலக் கீறலாயிருந்தது, சில மழைகளில் ஆள் இறங்கும் பள்ளமாகிவிடும். அரிபட்ட மண் கீழேயுள்ள ஏரியைத் தூர்க்கும். வயலை மணலால் மூடும்.

செய்யத்தக்கவை

1. மேல்மண்ணைத் தனியே சேமித்து, மேட்டைச் சீர்செய்தபின் பரப்புக. உடனே புல்லும் பயறும் விதைக்க.

2. வடிகாலைப் பெருமழைக்கு ஏற்ற அளவில் வெட்டுக. அமெரிக்க நாட்டில் 1977-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் விதிகள், ஓடைகளைத் திருப்பும் நிரந்தர வாய்க்கால்கள், 100 ஆண்டுக்கொருமுறை எதிர்பார்க்கத்தக்க 6 மணி நேர மழையைத் தாங்கவேண்டும் என்கின்றன.

3. செங்குத்தான நேர் வடிகாலைத் தவிர்க்க. அந்நாட்டின் நியூ மெக்சிகோவிலுள்ள லா பிளாட்டா சுரங்கத்தில், இயற்கைப் பள்ளத்தாக்கைப் போல வளைந்திறங்கும் ஓடைகளை அமைத்தே நிலத்தை மீட்டனர்.

4. கல் பாவும் இடத்தில் அடியில் சரளை பரப்புக. இன்றேல் கல்லிடுக்கில் நீர் புகுந்து அடிமண்ணைக் கொண்டுபோகும், கல் சரியும்.

5. பெருமழை ஒவ்வொன்றின் பின்னும் வாய்க்கால் நெடுகிலும் நடந்து பார்க்க. கீறலை மண்ணிட்டு இறுக்கி, குறுக்கே வெட்டிவேர் நடுக. கீறலை மூட ஒரு மண்வெட்டி போதும். பள்ளத்தை மூட இயந்திரம் வேண்டும்.

சங்கத்தார் கவனத்திற்கு

மீட்ட நிலம் பயிரிடுவதற்காகக் கூட்டுறவுச் சங்கத்திடம் ஒப்படைக்கப்படுமாயின், கோடையில் அதன் பசுமையை மட்டும் கண்டு ஏற்றல் தகாது. நெய்வேலிப் பகுதிக்கு மழையின் பெரும்பங்கைத் தருவது வடகிழக்குப் பருவம். அப்பருவம் ஒன்று கழிந்தபின், கரைகள் நிற்கின்றனவா, கடைவாயில் வரும் நீர் தெளிவாயுள்ளதா என்று பார்த்து ஏற்க. வடிகாலைப் பழுதுபார்க்கும் செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்க. நிலம் நமக்கு வந்தபின் உடையும் கரையை நம் உறுப்பினரின் பங்குப்பணமே அடைக்கவேண்டிவரும்.