மூன்று புள்ளிகளின் துடிப்பு

நுழையும்முன்

கோலமிடுபவர் எந்தப் புள்ளியையும் தனியே பார்ப்பதில்லை. அக்கம்பக்கப் புள்ளிகளோடு சேர்த்தே பார்க்கிறார். அத்தகைய பார்வையைக் கணித அறிஞர்கள் கட்டப்பலகையின்மேல் செலுத்தியபோது, தாமே துடிக்கும் வடிவங்கள் வெளிப்பட்டன. இதயத்தின் துடிப்பைப் புரிந்துகொள்ளவும் அப்பார்வை துணைசெய்கிறது.

மதுரை மாநகரின் நடுவே மீனாட்சியம்மன் கோவில். மதிலுக்குள் ஆடி வீதியும், வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி ஆகிய வீதிகளும் சதுரத்தைச் சூழ்ந்த சதுரங்களாக அமைந்துள்ளன. மார்கழி விடியலில் இவ்வீதிகளின் வாசல்கள்தோறும் புள்ளிகள் வரிசைகட்டி நிற்கும். நகரைத் தாண்டிச் சமவெளிக்குள் சென்றால் கண்மாய்கள். மேல்கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்கு நீர். வைகையில் எவ்வளவு வெள்ளம் வந்தது என்பதை ஒரு கண்மாய் அறியாது; தனக்கு மேலுள்ளது நிறைந்ததா என்பதே அதற்குத் தெரிந்த செய்தி. ஆயினும் ஊர் ஊராக நீர் நடந்துவிடுகிறது.

அண்டையில் இருப்பதை மட்டும் அறிந்து ஒவ்வோர் உறுப்பும் செயற்பட, அவற்றிலிருந்து முழுமைக்கும் ஓர் ஒழுங்கு உருவாகும் அமைப்பைக் கணிதத்தில் செல்லுலர் ஆட்டோமேட்டன் என்பர். தமிழில் கட்டத் தானியங்கி எனலாம். 1940களில் ஜான் வான் நியூமன், ஸ்டானிஸ்லாவ் உலாம் ஆகிய இருவரும் இதற்கு வித்திட்டனர். பரவலாக அறியச் செய்தவர் இங்கிலாந்தின் ஜான் கான்வே. அவர் வகுத்த 'உயிர் விளையாட்டு', 1970 அக்டோபரில் மார்ட்டின் கார்ட்னர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரை வழியாக உலகெங்கும் பரவியது.

விளையாட்டு என்று பெயர் இருப்பினும் இதில் எதிராளி இல்லை. வெற்றி தோல்வியும் இல்லை. கட்டமிட்ட குறிப்பேடு ஒன்று போதும். ஒவ்வொரு கட்டமும் உயிருள்ளது அல்லது வெற்றிடம். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களும் அதன் அண்டையர். உயிருள்ள கட்டத்திற்கு உயிருள்ள அண்டையர் இருவர் அல்லது மூவர் இருந்தால் அது பிழைக்கும். குறைந்தால் தனிமையாலும் மிகுந்தால் நெரிசலாலும் மடியும். வெற்றுக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூவர் இருந்தால் அங்கே புதிய உயிர் தோன்றும். எல்லாக் கட்டங்களும் ஒரே நொடியில் மாற வேண்டும் என்பதை மறத்தலாகாது. ஒன்றை மாற்றிவிட்டு அடுத்ததைக் கணக்கிட்டால் விளையாட்டே கெட்டுவிடும்.

கிடைவரிசையில் அடுத்தடுத்து மூன்று புள்ளிகளை வைப்போம். நடுப்புள்ளிக்கு இரண்டு அண்டையர், அது பிழைக்கிறது. ஓரப் புள்ளிகளுக்கு ஒருவரே, அவை மடிகின்றன. நடுப்புள்ளிக்கு நேர் மேலுள்ள வெற்றுக்கட்டம் மூன்று புள்ளிகளையும் தொடுகிறது. அங்கே உயிர் பிறக்கிறது. நேர் கீழும் அவ்வாறே. கிடந்த கோடு நிமிர்ந்துவிட்டது. அடுத்த நொடியில் இதே கணக்கால் நிமிர்ந்த கோடு மீண்டும் கிடைக்கோடாகும். எவரும் தள்ளாமல், எவரும் நிறுத்தாமல் இது முடிவின்றித் தொடரும். இரண்டு நொடிக்கு ஒருமுறை பழைய வடிவத்துக்குத் திரும்புவதால் இதன் அலைவுக்காலம் 2. இவ்வாறு திரும்பத் திரும்ப வருபவை அலைவு வடிவங்கள் எனப்படும்.

ஒரு புள்ளி கூடினால் கதை மாறுகிறது. நான்கு புள்ளி வரிசை இரண்டே நொடிகளில் தேன்கூட்டின் அறைபோன்ற ஆறு கட்ட வடிவமாகி அசையாமல் நின்றுவிடும். பத்துப் புள்ளி வரிசையோ, சில நொடிகளில் 15 நொடிக்கு ஒருமுறை தன்னை மீட்டுக்கொள்ளும் அலைவு வடிவமாகிறது. மூன்று துடிக்கும், நான்கு உறையும், பத்து வேறொரு தாளத்தில் துடிக்கும் என்பதை விதியைப் படித்த அளவில் எவராலும் சொல்லிவிட முடியாது. வரைந்து பார்த்தே அறிய வேண்டும். இது நம் பயிற்சிக் குறைவன்று. எந்தத் தொடக்க வடிவத்தைக் கொடுத்தாலும் அது அழியுமா, நிலைக்குமா என்று முன்கூட்டியே சொல்லவல்ல பொதுவான வழிமுறை இருக்கவே முடியாது என்பது நிறுவப்பட்ட உண்மை.

எல்லா அலைவுக்காலங்களுக்கும் வடிவங்கள் உண்டா என்ற வினாவிற்கு விடைகாண அரை நூற்றாண்டு ஆயிற்று. ஒவ்வோர் எண்ணாகத் தேடியவர்களுள் பலர் இதனை ஊதியத்திற்காகச் செய்தவரல்லர், ஆர்வத்தால் செய்தவர்கள். இறுதிவரை அகப்படாதிருந்த 19, 41 ஆகிய இரண்டும் 2023ஆம் ஆண்டில் கிடைத்தன. 1 முதல் தொடங்கி எந்த முழு எண்ணைச் சொன்னாலும் அந்தத் தாளத்தில் துடிக்கும் வடிவம் இப்போது உண்டு.

தெரிந்து தெளிவோம்

சென்னை தாம்பரத்திலுள்ள கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோலங்களை இலக்கண விதிகளால் ஆக்கிக் காட்டும் ஆய்வுக்கட்டுரையை 1974ஆம் ஆண்டு வெளியிட்டனர். சில விதிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தி முழுக் கோலத்தையும் வளர்த்தெடுக்கும் இம்முறை, கணினி அறிவியலில் கோலத்திற்கு ஓர் இடத்தைப் பெற்றுத்தந்தது. வாசல் கோலத்தைக் கணிதப் பொருளாகக் கண்ட துணிவு நினைக்கத்தக்கது.

இனி மாசி வீதிக்கு வருவோம். தேர் வலம் வரும் நான்கு மாசி வீதிகளிலும் வட்டமாகப் பன்னிரண்டு வீடுகள் இருப்பதாகவும், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மணி தொங்குவதாகவும் கற்பனை செய்வோம். விதி எளியது. பக்கத்து வீட்டு மணி ஒலித்தால் அடுத்த நொடியில் நம் வீட்டு மணியை அடிக்க வேண்டும். அடித்தவர் அதற்கடுத்த ஒரு நொடி களைத்திருப்பார். அப்போது எது கேட்டாலும் அடிக்கமாட்டார். பிறகு ஓய்வுநிலைக்கு வந்து மீண்டும் ஆயத்தமாவார்.

எல்லாரும் ஓய்ந்திருக்கையில் ஒரு வீட்டில் மணி ஒலிக்கிறது. ஒலி இருபுறமும் பரவி, எதிர்ப்பக்க வீட்டில் சந்தித்து அடங்கிவிடும். ஆனால் தொடக்கத்தில் ஒரு பக்கத்து வீட்டார் களைத்திருந்தால் என்ன ஆகும்? ஒலி அவ்வழியே செல்ல இயலாது. மறுபுறம் மட்டுமே செல்லும். எதிர்த்து வரும் ஒலி இல்லாமையால் அதனை அணைப்பாரும் இல்லை. சுற்றி வருவதற்குள் களைத்தவர் தேறிவிடுவார். ஆகவே ஒலி வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். அலைவுக்காலம் 12.

இது வெறும் கற்பனையன்று. 1946இல் நார்பர்ட் வீனரும் ஆர்துரோ ரோசன்புளூத்தும் இதயத் தசையை ஓய்வு, கிளர்ச்சி, களைப்பு என்னும் மூன்று நிலைகளைக் கொண்டே ஆராய்ந்தனர். 1978இல் கிரீன்பெர்க், ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் அத்தகைய நிலைகளைக் கட்டத் தானியங்கியாக அமைத்தனர். இயல்பான இதயத்தில் மின்தூண்டல் ஒருமுறை பரவி அடங்கும். அடுத்த தூண்டலுக்கு இதயம் காத்திருக்கும். தசையின் ஒரு பகுதி களைத்திருக்கும் தருணத்தில் தவறான தூண்டல் எழுந்தால், அது ஒரு வழியே மட்டும் சென்று வட்டமிடத் தொடங்கலாம். மேலறைப் படபடப்பு எனத்தக்க நோயில் வலப்பக்க மேலறையின் வால்வைச் சுற்றி மின்தூண்டல் நிமிடத்திற்கு ஏறக்குறைய 300 முறை சுழல்கிறது. கட்டப்பலகையில் அழகாகத் தோன்றும் அதே அலைவு, மார்புக்குள் நிகழ்ந்தால் உயிருக்கே ஊறாகிறது.

மருத்துவத்தின் விடையையும் மணி வீதியிலேயே காணலாம். பன்னிரண்டு வீடுகளுள் ஒன்று நிலையாக மௌனமாகிவிட்டால் சுழலும் ஒலி அங்கே முட்டி அணைந்துவிடும். மெல்லிய குழாயை இரத்தநாளம் வழியே செலுத்தி, சுழல்பாதையின் குறுக்கே தசையைச் சுட்டுத் தடை உண்டாக்கும் சிகிச்சை இதையே செய்கிறது. இன்னொரு வழியும் உண்டு. எல்லா வீட்டினரும் ஒரே நொடியில் மணி அடித்தால், அடுத்த நொடி எல்லாரும் களைத்திருப்பர். அதற்கடுத்த நொடி வீதி முழுவதும் அமைதி. இதயத்திற்கு மின்அதிர்ச்சி அளிக்கும் கருவி, தசை முழுவதையும் ஒருசேரத் தூண்டிச் சுழற்சியை நிறுத்துகிறது. பின்னர் இதயத்தின் இயல்பான தூண்டல் தன் தாளத்தைத் தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்...

கட்டமிட்ட தாளில் கிடைவரிசையாக ஐந்து புள்ளிகளை வைத்து, வடிவம் திரும்பத் தொடங்கும் வரை நொடிக்கொரு படமாக வரைக. வகுப்பில் பன்னிருவர் வட்டமாக நின்று கைதட்டலால் மணி வீதியை நடத்திக் காட்டுக. சுழலும் ஒலியை எத்தனை வழிகளில் நிறுத்த முடிகிறது எனக் குறித்து உரையாடுக.