சதுர அடியும் கன அடியும்

தோல் விற்கும் ஊரில் பிறந்தவனுக்குச் சதுர அடி இன்னதென்று ஒருவர் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்களில், பாதரட்சையின் மேற்புறத்திற்காகப் பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கிலே விற்பர். அதன் தடிப்பை மில்லிமீட்டரில் தனியே குறிப்பர். இவ்விரண்டையும் பெருக்கிக் கன அளவு காண்பார் அரியர். தடித்த மாட்டுத்தோல் ஒன்றை இயந்திரத்திலிட்டு மேலும் கீழுமாக இரு படலங்களாகப் பிளப்பதுண்டு. அப்பொழுது சதுர அடி ஏறக்குறைய இருமடங்காகின்றது. தோலோ முன்னிருந்த தோலேயன்றி ஓர் இழையும் கூடிற்றில்லை. பரப்பு வேறு, கன அளவு வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டவல்ல பாடம் எப்புத்தகத்திலும் இல்லை. இப்பாடத்தைச் சிறுவயது முதல் கண்ணாற்கண்டிருந்தும், எங்கள் வீட்டு வேலையொன்றில் யான் தவறினேன்.

பாலாற்றங்கரைக் கிணறுகளின் நிலையை இங்குள்ளார் அறிவர். தோற்பதனிடும் சாலைகளின் கழிவுநீரால் இப்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டதென்னும் செய்தி, வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பிலே இடம்பெற்றுள்ளது. 2003இல் தமிழ்நாட்டு அரசு கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிற்று. எங்கள் கிணற்று நீரில் பருப்பு வேகாமையால், மாடியில் விழும் மழையை மண்ணுக்குள் விடுவதோடு அமையாமல் ஒரு தொட்டியிலும் தேக்கிவைக்க என் தந்தையார் எண்ணினார். கணக்கு மட்டும் என் பொறுப்பாயிற்று.

வீட்டின் வரைபடத்தில் மாடியின் பரப்பு 56 சதுர மீட்டர் என்றிருந்தது. கொத்தனாருக்கோ அடிக்கணக்கே வழக்கம். ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்பது நினைவிலிருந்தமையால், 56ஐ 3.28ஆற் பெருக்கி, 184 சதுர அடி என்று எழுதினேன். இரண்டு அங்குல மழைக்கு இடம் வேண்டுமென்று கொண்டு, 184ஐ ஆறால் வகுத்து 31 கன அடி என்று முடித்தேன். மூன்றரை அடி நீளமும் மூன்றடி அகலமும் மூன்றடி ஆழமுமாக ஒரு தொட்டி எழுந்தது. ஐப்பசியில் ஓரிரவு நல்ல மழை பெய்தது. நள்ளிரவுக்கு முன்னரே தொட்டி நிரம்பி வழிந்து, நீர் தெருவோடு ஓடிற்று. என் தாயார் கைவிளக்கோடு வாயிலில் நின்று அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் கொத்தனார் என் தாளை வாங்கி நோக்கி, "தம்பி, மாடி அறுநூறு அடி இருக்குமே! நீ எழுதியது நூற்றெண்பத்து நாலு. மிச்ச மாடியில் மழை பெய்யாதா?" என்றார்.

பிழை எங்கேயென்பது அப்பொழுதே புலனாயிற்று. 3.28 என்பது நீளத்திற்குரிய எண். பரப்பு நீளமும் அகலமும் சேர்ந்ததாகலின், அவ்வெண்ணை அவ்வெண்ணாலேயே பெருக்கி 10.76 என்று கொள்ளல் வேண்டும். கன அளவாயின் மும்முறை பெருக்க 35.3 வரும். பழைய திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியில் குழிமாற்று என்றொரு வாய்பாடு உண்டு. ஓரெண்ணைத் தன்னாலேயே பெருக்கி வருவதைக் கூறுவது அது. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் யான் குழிமாற்று என்னும் சொல்லை அறிந்திருந்தேன். அதன் பயனை அறிந்திலேன். நில அளவிற் குழி என்பது பரப்பையும், வீட்டு வழக்கிற் குழி என்பது பள்ளத்தையும் குறிக்கும் விந்தையையும் அன்றுதான் எண்ணிப்பார்த்தேன். பரப்பாகிய குழி பள்ளமாகிய குழியாவதற்கு ஆழம் என்னும் மூன்றாவது அளவு வந்தே தீரவேண்டும். "இத்தனை சதுர அடிக்கு எத்தனை கன அடி?" என்று மட்டும் வினவினால் அதற்கு விடையே இல்லை.

இனிச் செவ்விய கணக்கைக் கூறுவேன். 56ஐ 10.76ஆற் பெருக்க, ஏறக்குறைய 600 சதுர அடி. மழை இரண்டு அங்குலம். அதனையும் அடியாக்கினால் அடியில் ஆறிலொரு பங்கு. ஆகவே 100 கன அடி. மணல் லாரிக்காரர் ஒரு யூனிட் என்று சொல்வதும் இதுவே. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டராக, 2,830 லிட்டர் நீர். தளம் உறிஞ்சுவதும், அழுக்கோடு வரும் முதல்நீரைப் புறத்தே விடுவதும் போக நூற்றுக்கு எண்பது பங்கு கிடைக்கும் என்று கொண்டாலும் 2,264 லிட்டர். 15 லிட்டர்க் குடத்தால் 150 குடம். மீட்டர்க் கணக்கில் இது இன்னும் எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை சரியாக ஒரு லிட்டர். வரைபடத்தை மீட்டரிலேயே விட்டிருந்தால் எனக்கு இத்தலைகுனிவு நேர்ந்திராது.

பழைய தொட்டியை இடித்துவிட்டு, உள்ளளவு ஐந்தடிக்கு ஐந்தடி, நான்கடி ஆழம் என்று புதிதாகக் கட்ட முடிவாயிற்று. இங்கும் ஒரு நுட்பம் உண்டு. நீர் நிற்பது உள்ளளவில். வெட்டுகூலி கணக்கிடப்படுவதோ வெளியளவில். சுவர் புறத்திற்கு ஒன்பது அங்குலமும் அடித்தளக் கான்கிரீட் ஆறு அங்குலமும் சேர்த்தால், ஆறரை அடிச் சதுரத்தில் நாலரை அடி ஆழம் வெட்டவேண்டும். அது 190 கன அடி. 100 கன அடி நீருக்கு ஏறக்குறைய இருமடங்கு மண் எடுக்கவேண்டும் என்பதை எதிர்பாராதவர் கூலி நாளில் திகைப்பர். வெட்டிய மண் தளர்ந்து இன்னும் மிகுதியாகக் குவியும். அடித்தளத்திற்குரிய கான்கிரீட் 21 கன அடி. ஆயினும் சிமெண்டும் மணலும் ஜல்லியும் கலந்து இறுகுமாகலின், உலர்ந்த பொருளாக அதனினும் ஒன்றரை மடங்குக்குச் சிறிது மேலாக, 32 கன அடி வேண்டும். ஒன்று, இரண்டு, நான்கு என்னும் விகிதத்தில் சிமெண்டு நான்கு மூட்டை போதும். மணல் ஈரமாயிருப்பின் பருத்துக் காட்டுமாதலால், அளந்து வாங்குவோர் அதற்கும் கழிவு கேட்டல் நன்று.

இப்பொழுது அத்தொட்டியில், அங்குலக்கோடு இட்ட மூங்கிற்கோல் ஒன்று நிற்கின்றது. அடிப்பரப்பு 25 சதுர அடியாகலின் ஓரங்குல நீர் 59 லிட்டர், அஃதாவது ஏறத்தாழ நான்கு குடம். என் தாயார் காலையில் கோலைப் பார்த்து, எத்தனை கோடு குறைந்ததென்று எண்ணி, அன்று துணி துவைக்கலாமா, சமையலுக்கு மட்டுந்தானா என்று சொல்லிவிடுகின்றார். அவர் கணக்குப் படித்தவரல்லர். கோடு இட்டது மட்டுமே என் வேலை.