அம்மாவுக்கு எந்த இல்லம்?

கேள்வி: அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலை. நல்ல இல்லம் என்று எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகி, திட்டக்குடி

பதில்: டைல்ஸ் தரையையும் புதுப் பெயின்ட்டையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முன்கூட்டிச் சொல்லாமல் ஒருநாள் காலையில் போங்கள். எல்லோரையும் 5 மணிக்கே எழுப்பி வரிசையாகக் குளிக்க வைக்கிறார்களா, அவரவர் வழக்கத்துக்கு விடுகிறார்களா என்று கவனியுங்கள். அங்கு வேலை செய்யும் பெண்ணிடம் ஒரு பாட்டியைக் காட்டி, "இவங்க முன்னே என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க?" என்று கேளுங்கள். "விருத்தாசலத்துல பீங்கான் பொம்மைக்கு வண்ணம் தீட்டினாங்க" என்பதுபோல் பதில் வந்தால் அங்கே மனிதரை மனிதராகப் பார்க்கிறார்கள். "சுகர் பேஷன்ட்" என்று மட்டும் வந்தால் எனக்கு நம்பிக்கை வராது.

அமெரிக்காவில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் 1976இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு முதியோர் இல்லத்தின் ஒரு மாடியில் இருந்தவர்கள் தாங்களே செடி வளர்த்தார்கள். சினிமா பார்க்கும் நாளையும் தாங்களே தேர்ந்தார்கள். இன்னொரு மாடியில் எல்லாவற்றையும் ஊழியர்களே பார்த்துக்கொண்டார்கள். சில வாரங்களில் முதல் மாடிக்காரர்களிடம் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் கூடின. அக்கறை என்ற பெயரில் முடிவெடுக்கும் உரிமையைப் பிடுங்குவது எவ்வளவு பெரிய கொடுமை!

பிரதோஷத்துக்கு உங்கள் ஊர் வைத்தியநாதசுவாமி கோயிலுக்குப் போகும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால், அழைத்துப் போவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு ஏதேனும் குறை தெரிந்தால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். அவர் வேண்டாம் என்றால் வேறு இடம் தேடுங்கள்.