வேலியில் ஆடாதோடை, எல்லையில் தேக்கு

தோட்டத்து அண்ணன்மாரே, அக்காமாரே,

நம்மில் பலருக்கு வன்னியில் சொந்தபந்தம் உண்டு. 1958 கலவரத்துக்குப் பிறகு கொஞ்சப் பேர், 1977 கலவரத்துக்குப் பிறகு நிறையப் பேர் என்று மலையை விட்டு இறங்கி, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்ப் பற்றை வெட்டிக் குடியேறினார்கள். யுத்தத்தில் எல்லாம் இழந்து, மறுபடி ஊர் திரும்பி, இன்றைக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் காணியோடு இருக்கிற அவர்கள் கேட்கிற கேள்வி இதுதான்: "மருந்துச் செடி போட்டா காசு வருமா? தேக்கு வச்சா புள்ளைகளுக்கு ஆகுமா?" முல்லைத்தீவில் முள்ளியவளைக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீரூற்றை உதாரணமாக வைத்து இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம். லயத்தில் இருப்பவர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

மரம் நடுவது நமக்குப் புது வேலை இல்லை. சவுக்கு நட்டோம், டர்பன்டைன் நட்டோம், தேயிலைக்கு நிழல் மரம் நட்டோம். அந்த மரங்களில் ஒன்றும் நம்முடையது இல்லை. காய்ந்த கிளையை விறகுக்கு ஒடித்தால்கூட வாச்சர் கேட்பார். வன்னியில் காணி வைத்திருப்பவர் நடுகிற மரம் அவருடையது. அதனால்தான் எதை நடுவது என்பதை யோசித்துச் செய்ய வேண்டும் என்கிறோம்.

மருந்து மரமும் தோட்டத்துக்குப் புதிதல்ல. ஹக்கலைப் பூந்தோட்டம் 1861இல் தொடங்கியதே சிங்கோனா மரத்துக்காகத்தான். கொயினா மாத்திரைக்கு அதன் பட்டைதான் மூலப்பொருள். 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்து தோட்டங்கள் நொடிந்தபோது, துரைமார் எல்லோரும் ஒரே நேரத்தில் சிங்கோனா நட்டார்கள். 1886 அளவில் வருடத்துக்கு ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை கப்பல் ஏறியது. எல்லோரும் ஒரே சரக்கைக் கொண்டுபோய்க் கொட்டினால் என்ன நடக்கும்? விலை விழுந்தது. ஜாவாத் தீவில் இதைவிடக் கொயினாச் சத்து அதிகமுள்ள இனத்தை வளர்த்துச் சந்தையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இங்கே மரத்தைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை போட்டார்கள். சிங்கோனாப் பட்டையை வீட்டில் வைத்து என்ன செய்வது? சோற்றோடு சாப்பிட முடியாது, மாட்டுக்கும் போட முடியாது.

இதே கதை நம் காலத்திலும் உண்டு. வன்னிக் காட்டோரத்தில் மாரி காலத்தில் தானாகப் பூக்கும் கார்த்திகைப்பூவை எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் அதைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் கம்பிப் பந்தல் போட்டு, பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்த்து, விதைக்காகப் பயிரிடுகிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கொல்கிசின் என்ற மருந்து கவுட் என்கிற மூட்டுவலிக்குப் போகிறது. நல்ல வருடத்தில் நல்ல காசு. ஆனால் வாங்குகிற வியாபாரிகள் சிலபேர்தான். அவர்கள் சொல்வதே விலை. விலை விழுந்த வருடத்தில் விதையை மூட்டை கட்டி வீட்டில் வைத்துவிட்டு, அரசாங்கம் விலை நிர்ணயிக்க வேண்டும் என்று அங்குள்ள விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் செடி முழுவதும் நஞ்சு. கிழங்கைப் பார்த்து ஏதோ தின்கிற கிழங்கு என்று அவித்துத் தின்று இறந்தவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிகிற வளவில் அதைப் போட வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

ஆகவே நாங்கள் சொல்வது இவ்வளவுதான். வாங்குகிறவன் வராவிட்டாலும் வீட்டுக்கும் வயலுக்கும் பயன்படுகிற செடியை முதலில் நடுங்கள். விற்றால் காசு, விற்காவிட்டால் நட்டமில்லை.

ஆடாதோடை

அப்படிப் பார்த்தால் முதலிடம் ஆடாதோடைக்குத்தான். ஆடு தொடாத இலை என்பதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். மாடும் தொடாது. வன்னியில் கட்டாக்காலி மாட்டால் அழிகிற பயிர் கொஞ்சநஞ்சமல்ல. அதனால் வேலிக்கு இதைவிட நல்ல செடி இல்லை. இருமல், சளிக்கு நாட்டு வைத்தியர் முதலில் கேட்பது இதன் இலையைத்தான். கடையில் வாங்குகிற சமஹன் பைக்கற்றைத் திருப்பிப் பாருங்கள், சேர்மானப் பட்டியலில் இதன் பெயர் இருக்கும். நம் நாட்டுச் சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கு வேண்டிய மூலிகைகளில் பெரும்பங்கு இன்னும் இந்தியாவிலிருந்துதான் வருகிறது. வேலியில் வளரக்கூடியதைக் கப்பலில் இறக்குகிறோம்.

நடுவது லேசு. முற்றிய தண்டில் மூன்று நான்கு கணு இருக்கும்படி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சரித்து ஊன்ற வேண்டும். தலைகீழாக ஊன்றிவிடக் கூடாது, அவசரத்தில் அது நடக்கிற காரியம். ஐப்பசியில் மாரி மழை பிடித்ததும் ஊன்றினால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். அரை ஏக்கர் காணி சதுரமாக இருந்தால் சுற்றளவு கிட்டத்தட்ட 180 மீற்றர். 60 சென்ரிமீற்றருக்கு ஒன்று என்று வைத்தால் 300 கம்பு வேண்டும். அயலில் ஒரு வேலி இருந்தால் காசு கொடுக்காமலே கிடைக்கும்.

ஒரு வருடம் போனதும் வெட்டலாம். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய கைக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அடியில் ஒரு முழம் விட்டு வெட்டினால் மறுபடி தழைக்கும். இலையை வெயிலில் பரப்பாமல் நிழலில், சாக்கு அல்லது பாய் மேல் மெல்லிசாகப் பரப்பிக் காய வைக்க வேண்டும். நாலைந்து கிலோ பச்சை இலை காய்ந்தால் ஒரு கிலோ தேறும். பூசணம் பிடித்தது, மண் ஒட்டியது, வேறு இலை கலந்தது என்றால் வியாபாரி மூட்டையைப் பிரித்ததுமே கழித்துவிடுவார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தண்ணிக்கும் முற்றல் இலைக்கும் கழிப்பதைப் பார்த்தவர்கள்தானே நாம். வெட்டுவதற்கு முன்பே யார் வாங்குவார், காய்ந்ததா பச்சையா, ஆகக் குறைந்தது எத்தனை கிலோ என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஆயுர்வேத, சித்த மருந்தகம், மாகாணச் சுதேச மருத்துவத் திணைக்களம், மருந்துச் சரக்குக் கடை, இந்த மூன்று இடத்திலும் விசாரிக்கலாம். ஒரு வீட்டு இலைக்கு லொறி வராது. பத்து வீடு சேர்ந்தால் வரும்.

யாரும் வாங்கவில்லை என்று வையுங்கள். இலையை வயலில் போட்டு மிதித்தால் நல்ல பசளை. பழைய விவசாயிகள் நெல்லுக்கு அப்படித்தான் செய்தார்கள். வேலி வேலியாகவே நிற்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கு இந்த இலைக் கசாயத்தை வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணம் இதற்கு உண்டு.

ஊற்று மண்ணுக்கு எது?

தண்ணீரூற்றுக்குப் பெயரே ஊற்றால் வந்தது. ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயிலைச் சுற்றியுள்ள மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே பல இடங்களில் தண்ணீர் மேலேயே நிற்கும். அந்த ஈரத்தைப் பள்ளம் என்று ஒதுக்காமல் வல்லாரையும் பொன்னாங்காணியும் போடலாம். வல்லாரை மருந்துமாகும், கறியுமாகும். கிணற்றடிக் கசிவில் ஒரு பாத்தி இருந்தால் சந்தைக்கு வாராவாரம் நாலு பிடி கட்டலாம். பெரிய காசு இல்லை, ஆனால் கைக்காசு.

அதே ஈரத்தில் தேக்கு வைத்தால் வேர் அழுகும். தேக்குக்குத் தண்ணீர் தேங்கக் கூடாது. ஈரக்கரைக்கு உரிய மரம் மருது. வன்னிக் குளக்கட்டோரம், ஆற்றோரமெல்லாம் பெரிது பெரிதாக நிற்பது அதுதான். மரம் தளபாடத்துக்கும் ஆகும், பட்டை இருதய மருந்துக்கும் ஆகும். பட்டை உரிக்கும்போது மரத்தைச் சுற்றி வளையமாக உரித்தால் மரம் பட்டுப்போகும். ஒரு பக்கம் மட்டும் கீற்றாக எடுத்து, அது மூடிய பிறகு மறுபக்கம் எடுக்க வேண்டும்.

வேம்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, வன்னியில் வேம்பில்லாத வளவு குறைவு. விதையைத்தான் வீணாக்குகிறோம். பழம் விழுகிற காலத்தில் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி வையுங்கள். உடைத்த பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கலந்து மாலையில் தெளித்தால் பல பூச்சிகளுக்கு அது போதும். 2021இல் அரசாங்கம் இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இறக்குமதி செய்வதை ஒரேயடியாகத் தடைசெய்தபோது எத்தனை பேர் வேப்பங்கொட்டை தேடி அலைந்தார்கள் என்பது ஞாபகமிருக்கும். வேப்பெண்ணெயில் செய்த பூஞ்சணக் கொல்லிக்கு அமெரிக்கக் கம்பனி ஒன்று ஐரோப்பாவில் காப்புரிமையே வாங்கியது. இது இந்தியக் கிராமத்து அறிவு என்று வழக்காடி 2000ஆம் ஆண்டில் அதை ரத்துச் செய்ய வைத்தார்கள். 2005இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு.

தேக்கு

மேட்டு நிலம், தண்ணீர் வடிகிற மண் என்றால் தேக்கு வைக்கலாம். அரை ஏக்கர் முழுவதும் வைக்கச் சொல்ல மாட்டோம். எல்லை ஓரமாக 3 மீற்றருக்கு ஒன்று வைத்தால் மேலே சொன்ன 180 மீற்றருக்கு 60 மரம். எல்லையிலிருந்து சில அடி உள்ளே தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் இருபது வருடம் கழித்து அயல்வீட்டோடு வழக்கு. முதல் இரண்டு மூன்று வருடம் நிழல் விழாது, நடுவில் கச்சான், உழுந்து போடலாம். பிறகு நிழல் வரும், வேரும் பரவும்.

அவசரப்படுகிறவர்களுக்குத் தேக்கு சரிவராது. வியாபாரி பார்ப்பது சுற்றளவை. உள்ளே வைரம் பாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். பத்து வருட மரம் கம்பு விலைதான் போகும். நெருக்கமாக வளர்ந்ததில் மெலிந்ததை இடையில் எடுத்துக் கூரைக்கும் பந்தலுக்கும் விற்கலாம். நல்லதை 25, 30 வருடம் நிற்க விட வேண்டும். "சில வருடத்தில் இத்தனை இலட்சம்" என்று நோட்டீஸ் கொண்டு வருகிறவர்களை நம்ப வேண்டாம். சென்னையில் அனுபவ் பிளான்டேஷன்ஸ் என்ற கம்பனி தேக்கு மரத்தின் பெயரைச் சொல்லிப் பல்லாயிரம் பேரிடம் பணம் வாங்கி 1998இல் விழுந்தது. மரம் வளர்கிற வேகத்தைப் பத்திரத்தில் எழுதிக் கூட்ட முடியாது.

யுத்தம் நடந்த இடத்து முதிர்ந்த மரத்தில் செல் துண்டு, சன்னம் புதைந்திருக்கும். வாள் பல்லை உடைக்கும் என்று ஆலைக்காரர் விலையைக் குறைப்பார். விற்கும்போது அதையும் மனதில் வையுங்கள். புதிதாக நட்டதில் அந்தக் கரைச்சல் இல்லை. மூலிகை பறிக்கக் காட்டுக்குள் போகிறவர்கள், மண்டையோட்டுப் பலகை உள்ள இடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. மிதிவெடி இன்னும் முழுதாக எடுத்து முடியவில்லை.

காகிதம்

முப்பது வருட மரத்தை நடுகிறவர், முப்பது வருடம் அந்தக் காணியில் யார் இருப்பார் என்பதையும் கேட்க வேண்டும். மலையகத்திலிருந்து போனவர்கள் இதை ஒருமுறை அனுபவித்துவிட்டார்கள். 1977க்குப் பிறகு முல்லைத்தீவில் டொலர் பாம், கென்ற் பாம் என்ற பண்ணைகளில் காந்தியம் அமைப்பு குடியேற்றிய தோட்டக் குடும்பங்கள் 1984இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டன. கிணறும் பயிரும் அங்கேயே நின்றுவிட்டது.

இன்றைக்கும் வன்னியில் பலரிடம் இருப்பது வாய்ச்சொல்தான். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றை வளர்ந்த காணியை வன இலாகா காடு என்று எல்லைக்கல் போட்டு, வந்து பார்த்தால் உள்ளே போக முடியாமல் நின்றவர்களும் உண்டு. ஆகவே முதலில் கிராம அலுவலரிடம், பிறகு பிரதேச செயலகக் காணிப் பகுதியில், உங்கள் காணி உறுதியா, அளிப்பா, பேமிட்டா, ஒன்றுமில்லையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேமிட் காணி என்றால் பின்னுரித்தாளர் பெயர் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் ஆண்பிள்ளைக்கே முதலிடம் இருந்தது. 2022இல் அதைத் திருத்தி ஆண், பெண் வேறுபாட்டை நீக்கிவிட்டார்கள். தண்ணி சுமந்து மரம் வளர்க்கிற அக்காமார், தங்கச்சிமார் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். காணிக்குக் காகிதம் ஒன்றும் இல்லையென்றால், அது கிடைக்கும்வரை வல்லாரையும் ஆடாதோடையும் போதும், தேக்குக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

சொந்தக் காணியில் நட்ட தேக்கு என்றாலும், வெட்டி லொறியில் ஏற்ற அனுமதிப்பத்திரம் வேண்டும். இல்லாவிட்டால் பொலிஸ் வழியில் மறிக்கும். வியாபாரி "நான் பாத்துக்கிறேன்" என்றாலும் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றுக்கும் 1951ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, வளவில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. நடும்போதே எத்தனை மரம், எந்த வருடம் என்று ஒரு கொப்பியில் எழுதி, கிராம அலுவலருக்கும் தெரியப்படுத்தி வைத்தால் பின்னால் காட்டில் வெட்டியது என்று யாரும் சொல்ல முடியாது.

லயத்தில் இருப்பவர்களுக்கு: ஏழு பேர்ச் வீட்டுக் காணி கிடைத்தவர்கள் தேக்கு, மருது என்று யோசிக்க வேண்டாம், கூரைக்கும் சுவருக்கும் அது ஆபத்து. வேலிக்கு ஆடாதோடையும், வாசலில் கற்றாழையும், கழுவுகிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் வல்லாரையும் அடங்கும். வன்னிக்குக் கலியாணம், கருமாதி என்று போய் வருகிறவர்கள் அங்கிருந்து ஆடாதோடைக் கம்பு கொண்டு வரலாம். இலையை உருவிவிட்டு, மேல்நுனி எது என்று தெரிய அந்தப் பக்கத்தைச் சரிவாக வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டினால் இரண்டு நாள் பஸ் பயணம் தாங்கும். வந்த அன்றே ஊன்றிவிடுங்கள்.