ஏரியே விமானத் தளம்

கனடா நாட்டின் வடபகுதியில், கிரேட் ஸ்லேவ் என்னும் பேரேரியின் கரையில் யெல்லோநைப் என்னும் நகரம் அமைந்துள்ளது. ஏறத்தாழ 20,000 மக்கள் வாழும் இச்சிறு நகரமே, பரந்து கிடக்கும் வடமேற்கு ஆட்சிப் பகுதிக்கு 1967-ஆம் ஆண்டு முதல் தலைநகராக விளங்குகின்றது. இங்குத் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் தேனே இனமக்களுள் ஒரு பிரிவினர் செம்பினால் செய்த கத்திகளைப் பயன்படுத்தினர். அக்கத்திகளின் நிறத்தை ஒட்டியே 'மஞ்சள் கத்தி' எனப் பொருள்படும் இப்பெயர் வழங்கலாயிற்று.

விந்தைகள் பல நிறைந்த ஊர் இது. ஏரியின் மேல் பல வண்ணம் பூசிய வீடுகள் மிதக்கின்றன. அவற்றில் வாழ்வோர் கோடைக்காலத்தில் படகேறிக் கரை சேர்வர். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மீது நடந்தே வருவர். ஊர்திகளின் எண்பலகைகள் வெண்கரடியின் வடிவில் வெட்டப்பட்டுள்ளன. தங்கம் தேடி வந்து ஏமாந்தவர்கள் தம் வறுமையைத் தாமே எள்ளிச் சூட்டிய பெயர் ஒரு தெருவுக்கு இன்றும் நிலைத்து நிற்கின்றது. ஜூன் திங்களில் பகற்பொழுது நாளொன்றுக்கு 20 மணி நேரம் நீடிக்கும்.

இவ்வூருக்கு வரும் பயணிகள் தவறாமல் விரும்பும் ஒன்று, மிதவை விமானப் பயணம். சக்கரங்களுக்கு மாறாக இரண்டு நீண்ட மிதவைகளைத் தாங்கிய சிறு விமானங்கள், மரத்தாலான துறைகளில் படகுகளைப்போல் கட்டப்பட்டு நிற்கின்றன. ஓடுபாதையும் ஏரியே, விமான நிலையமும் ஏரியே!

நீரிலிருந்து எழும் விமானத்தை முதன்முதலில் ஓட்டிக் காட்டியவர் ஆன்ரி பாபர் என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் 1910-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் அவ்வருஞ்செயலைச் செய்து முடித்தார். பின்னர் இக்கலை கனடாவின் வடபுலத்தில் பெரிதும் வளர்ந்தது. அதற்குக் காரணம் நிலத்தின் இயல்பே ஆகும். பண்டைக்காலத்தில் இந்நிலத்தை மூடியிருந்த பனிப்பாளங்கள் பாறையைச் சுரண்டிப் பள்ளங்களை உண்டாக்கின. பனி உருகியபோது அப்பள்ளங்கள் எண்ணற்ற ஏரிகளாயின. சாலை அமைத்தற்கு அரிய அந்நிலத்தில், ஒவ்வோர் ஏரியும் இயற்கை அளித்த விமானத் தளமாயிற்று. 1960-ஆம் ஆண்டையொட்டியே யெல்லோநைப் நகருக்குத் தெற்கிலிருந்து நெடுஞ்சாலை வந்தது. அதற்கு முன்பு அஞ்சலும், மருந்தும், நோயாளிகளும், சுரங்கக் கருவிகளும் சிறு விமானங்களிலும் சென்றுவந்தன.

1947-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த பீவர் என்னும் விமானம் இத்தொழிலுக்கெனவே செய்யப்பட்டது. அதனை வடிவமைத்தோர், காட்டுப்பகுதிகளில் விமானம் ஓட்டுவோரிடம் தேவைகளைக் கேட்டறிந்தனர். எண்ணெய்ப் பீப்பாயை உருட்டி ஏற்றும் அளவுக்குக் கதவு அகலமாயிருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இன்றும் அவ்வகை விமானங்கள் பல பறந்துகொண்டிருக்கின்றன.

பயணம் தொடங்குமுன் விமானி ஒவ்வொருவரின் எடையையும் கேட்கின்றார். பைகளையும் நிறுத்துப் பார்க்கின்றார். "இந்த ஒரு பை மட்டும் இருக்கட்டுமே" என்று யாரேனும் வேண்டினாலும் அவர் இசைவதில்லை. பின்பு மிதவைகளின் அறைகளில் நீர் கசிந்துள்ளதா என்று பார்த்து, சிறு கைப்பம்பினால் அதனை வெளியேற்றுகின்றார். ஒவ்வொரு மிதவையும் பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை விமானத்தைத் தாங்கும்.

கயிற்றை அவிழ்த்து இயந்திரத்தை முடுக்கியவுடன் விமானம் நகரத் தொடங்குகின்றது. நீரில் அதனை நிறுத்தத் தடைக்கருவி இல்லை. காற்றை எதிர்கொண்டு விமானி விசையைக் கூட்டுகின்றார். நீர் இருபுறமும் சிதறுகின்றது. வேகம் மிக மிக மிதவைகள் மேலெழுந்து நீர்ப்பரப்பின் மேல் வழுக்கிச் செல்கின்றன. மிதவையின் அடிப்பகுதியில் நடுவே ஒரு படி வெட்டப்பட்டுள்ளது. நீரின் பற்றை அறுத்து விமானத்தை விடுவிப்பது அப்படியே. அடுத்த நொடியில் அதிர்வு அடங்குகின்றது. விமானம் வானில் மிதக்கின்றது.

கீழே வண்ண வீடுகள் சிறுவர் விளையாட்டுப் பொருள்களைப் போலச் சுருங்குகின்றன. மூடப்பட்டுவிட்ட தங்கச் சுரங்கத்தின் நிலமும் கண்ணுக்குப் புலனாகின்றது. ஜயண்ட் என்னும் அச்சுரங்கம் 2004-ஆம் ஆண்டில் தொழிலை நிறுத்தியது. தங்கத்தைப் பிரித்தபோது உண்டான 2,37,000 டன் ஆர்சனிக் நச்சுத்தூள் அதன் நிலவறைகளில் இன்றும் கிடக்கின்றது. பொன் போய்விட்டது, நஞ்சைக் காக்கும் பொறுப்பு மட்டும் பின்வந்தோருக்கு எஞ்சியது.

அப்பால் பாறையும் பைன் மரங்களும் நீரும் மாறிமாறித் தோன்றுகின்றன. விமானம் ஓர் ஒதுக்கமான ஏரியை நோக்கித் தாழ்கின்றது. காற்றின்றி அந்நீர் கண்ணாடியெனக் கிடக்கின்றது. காண்போர் அதன் அழகில் மயங்குகின்றனர். விமானியின் முகத்திலோ கவனம் கூடுகின்றது. அலையில்லாத நீரில் வானமும் முகிலும் அப்படியே தெரிவதால், நீர்ப்பரப்பு எத்துணை ஆழத்தில் உள்ளது என்பதைக் கண்ணால் அளக்க இயலாது. தேர்ந்த விமானிகளும் இவ்வழகினால் ஏமாந்து உயிரிழந்ததுண்டு. எனவே அவர் ஏரியின் நடுவை விட்டு, மரங்கள் அடர்ந்த கரையோரமாக விமானத்தைச் செலுத்துகின்றார். கரை அவருக்கு அளவுகோலாகின்றது. மூக்கைச் சற்றே உயர்த்தி, மெல்ல மெல்ல இறங்கி, நீர் தொடும்வரை பொறுத்திருக்கின்றார். மிதவைகள் ஓசையின்றி நீரைத் தொடுகின்றன.

குளிர்காலத்தில் மிதவைகளைக் கழற்றிப் பனிச்சறுக்குக் கட்டைகளைப் பூட்டுவர். ஏரி உறையும் வாரங்களிலும் உருகும் வாரங்களிலும் இரண்டும் பயன்படா. அக்காலங்களில் தொலைவிலுள்ள குடியிருப்புகள் முன்பே சேர்த்த பொருளைக் கொண்டு காத்திருந்தன.

பயணம் முடிந்து திரும்புவோர் பழைய நகரின் பாறைக்குன்றின் மீது ஏறுகின்றனர். அங்கே வடபுலத்து விமானிகளின் நினைவுச்சின்னம் நிற்கின்றது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் காட்டுத்தீ நகரை நெருங்கியபோது, மக்கள் அனைவரும் வெளியேறுமாறு ஆணை பிறந்தது. அவர்கள் ஒற்றை நெடுஞ்சாலை வழியாகவும் வான்வழியாகவும் வெளியேறினர். அவ்வேளையில் மிதவை தாங்கிய விமானங்கள் ஏரிநீரை முகந்து தீயின்மேல் பொழிந்தன. மூன்று வாரங்களுக்குப் பின் மக்கள் திரும்பியபோது நகரம் நின்றது.

எடையில் ஒரு பை மிகினும் மறுத்தல், கண் மயங்கும் இடத்தில் கரையை நாடுதல், காலம் வாராதபோது பொறுத்திருத்தல் ஆகிய இம்மூன்றுமே அவ்விமானிகளின் வீரம். துணிவு என்பது அச்சமின்றிப் பாய்வது மட்டுமன்று. அளவறிந்து ஒழுகுவதும் துணிவே என்பதை அக்குன்றின் கீழே நாள்தோறும் எழும் சிறு விமானங்கள் உணர்த்துகின்றன.