படகுக்குள் ஒரு சொட்டு: கசிவைக் கண்டுபிடிப்பதும் அடைப்பதும்

உங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 20 சொட்டுகள் சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். ஒரு நாளில் 86,400 விநாடிகள். கணக்குப் போட்டால், ஒரு நாளைக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல். வீட்டில் அந்த நீர் சாக்கடைக்குப் போய்விடும். தண்ணீர்க் கட்டணம் சில காசுகள் கூடும், அவ்வளவுதான்.

அதே சொட்டு ஒரு பாய்மரப் படகுக்குள் விழுந்தால் கதை வேறு. அங்கே சாக்கடை கிடையாது. விழும் நீர் அனைத்தும் படகின் அடிக்குழியில் தேங்கும். யாராவது வெளியேற்றும்வரை அங்கேயே இருக்கும்.

லங்காவி, போர்ட் டிக்சன், சிங்கப்பூரின் சாங்கி, துவாஸ் ஆகிய இடங்களில் உள்ள படகுத்துறைகளுக்குப் போனால், 1970களிலும் 80களிலும் கட்டப்பட்ட ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகுகளை இன்றும் காணலாம். உடற்பகுதி உறுதியாகவே இருக்கும். ஆனால் உள்ளே ஓடும் குழாய்களும் வால்வுகளும் இணைப்புகளை அடைத்திருக்கும் பசையும் அதே வயதில் இருந்தால் ஆபத்து. அப்படியொரு 30 அடிப் படகு உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து தொடங்குவது?

முதல் கேள்வி: இது எந்த நீர்?

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் அடிக்குழியில் இருக்கும் நீர் எங்கிருந்து வந்தது என்று அறிய வேண்டும். நான்கு வழிகள் உண்டு: கடல்நீர், தொட்டியிலிருந்து வரும் நன்னீர், மேல்தளத்தின் வழியாக இறங்கும் மழைநீர், குளிர்ச்சாதனப் பெட்டியின் குழாயில் வியர்த்து வடியும் நீர்.

அடிக்குழி நீரை நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். எண்ணெயும் கழிவும் கலந்திருக்கலாம். சில துளிகளைக் கருநிறத் தட்டில் விட்டு வெயிலில் காயவையுங்கள். கடல்நீரில் லிட்டருக்கு 30 முதல் 35 கிராம் உப்பு இருப்பதால், காய்ந்ததும் வெண்மையான படிகங்கள் தங்கும். நன்னீரானால் மெல்லிய கறைதான் இருக்கும்.

நன்னீர் என்று தெரிந்தால், எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு இரவில் தண்ணீர் பம்பின் சத்தத்தைக் கவனியுங்கள். யாரும் நீரைத் திறக்காதபோதும் பம்பு அவ்வப்போது சில விநாடிகள் ஓடினால், அழுத்தம் எங்கோ குறைகிறது என்று பொருள். பெரும்பாலும் பம்புக்கும் குழாய்முனைக்கும் இடையே கசிவு இருக்கும். பம்பு ஓடவில்லை, ஆனாலும் தொட்டியின் நீர் குறைகிறது என்றால், தொட்டியையோ தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலான குழாயையோ சந்தேகிக்கலாம்.

மழை பெய்த மறுநாள் மட்டும் நீர் தோன்றினால் மேல்தளத்தைப் பாருங்கள். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: நீர் சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. குறுகிய இடுக்குகளில் நுண்புழை விசையால் நீர் பக்கவாட்டில் ஊர்ந்து, ஒரு மீட்டர் தள்ளிக்கூடச் சொட்டும். சந்தேகப்படும் இடங்களைத் துடைத்துக் காயவைத்து முகப்பவுடரைத் தூவுங்கள். நீர் ஓடிய தடம் பவுடரில் கோடாகத் தெரியும்.

25 மில்லிமீட்டர் துளையின் கணக்கு

நான்கில் உயிருக்கு ஆபத்தானது கடல்நீர்தான். கழிப்பறைக்கும் இயந்திரத்தைக் குளிர்விக்கவும் படகின் அடியில் துளையிட்டுக் குழாய் பொருத்தியிருப்பார்கள். அவற்றில் ஒன்று உடைந்தால் என்ன ஆகும்?

பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி கண்ட விதி இங்கே உதவுகிறது. துளை வழியே பாயும் நீரின் வேகம், நீர்மட்டத்திலிருந்து துளை எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதைப் பொறுத்தது. ஆழத்தை மீட்டரில் எடுத்து 19.6 ஆல் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தைக் கண்டால் வேகம் கிடைக்கும். நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே துளை இருந்தால், வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3.4 மீட்டர்.

துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர் என்றால், விளிம்பில் நீர்த்தாரை சுருங்குவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், விநாடிக்கு ஒரு லிட்டர் உள்ளே வரும். நிமிடத்துக்கு 60 லிட்டருக்கு மேல். நீங்கள் கரையில் தேநீர் குடித்துவிட்டு 20 நிமிடத்தில் திரும்பினால், ஒரு டன்னுக்கும் அதிகமான நீர் படகுக்குள் இருக்கும்!

மேலும் இரண்டு உண்மைகளை இந்த விதியிலிருந்து அறியலாம். ஆழம் இரட்டிப்பானால் நீர்வரத்து 1.4 மடங்குதான் ஆகும். விட்டம் இரட்டிப்பானாலோ 4 மடங்காகும். ஆகவே எந்த ஆழத்தில் இருந்தாலும், பெரிய துளையை முதலில் சோதியுங்கள்.

"தானாக ஓடும் பம்பு இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். 100 ஆம்பியர்-மணி ஈய அமில மின்கலத்தில் பாதியைத்தான் சேதமின்றிப் பயன்படுத்தலாம். பம்பு 4 ஆம்பியர் இழுத்தால் ஏறத்தாழ 12 மணி நேரத்தில் அது முடிந்துவிடும். பம்பு உங்களுக்கு அவகாசம் தருகிறது. கசிவை அது நிறுத்துவதில்லை.

மஞ்சளாகத் தெரிவதெல்லாம் வெண்கலம் அல்ல

படகின் அடித்துளையில் நீரைத் திறந்து மூடும் வால்வு வெண்கலத்தால் ஆனதாக இருக்க வேண்டும். கடைகளில் விற்கும் வீட்டு வால்வுகள் பல பித்தளையால் ஆனவை. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சாதாரணப் பித்தளையில் 30 முதல் 40 விழுக்காடு துத்தநாகம் உண்டு. கடல்நீர் அந்தத் துத்தநாகத்தை மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துவிடும். மிஞ்சுவது துளைகள் நிறைந்த, வலுவற்ற செம்பு. வடிவம் மாறாது, அளவும் மாறாது. ஒருநாள் கையால் திருப்பும்போதே ஒடிந்துவிடும்.

படகு நீரில் இருக்கும்போது இந்த வால்வுகளைத் தட்டியோ முறுக்கியோ சோதிக்கக்கூடாது. கரையேற்றிய பிறகு மேற்பரப்பைச் சிறிது சுரண்டிப் பாருங்கள். உள்ளே பொன்னிறம் தெரிந்தால் நல்லது. இளஞ்சிவப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். எந்தப் பசையும் அதைக் காப்பாற்றாது.

ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் கூம்பு வடிவ மென்மர ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டி வையுங்கள். வால்வு ஒடிந்தால் ஆப்பைத் துளையில் அடித்துவிடலாம். மரம் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்வதால் அடைப்பு மேலும் இறுகும். மிக மலிவான காப்பீடு இது.

குழாயும் பட்டியும்

ரப்பர் குழாய் முனையை இறுக்கும் உலோகப் பட்டிகளைத் தடவிப் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகு ஏன் துருப்பிடிக்கிறது என்று பலர் வியப்பார்கள். அந்த எஃகைக் காப்பது அதன்மேல் படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். படலம் கீறப்பட்டாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனால் மீண்டும் உருவாகும். ஆனால் பட்டியின் அடியில் உப்புநீர் தேங்கிய இடுக்கில் ஆக்சிஜன் கிடைப்பதில்லை. அதனால் வெளியே பளபளக்கும் பட்டி, உட்பக்கத்தில் அரிக்கப்படுகிறது.

316 வகை எஃகுப் பட்டிகளை வாங்குங்கள். கடைக்குச் செல்லும்போது சிறு காந்தம் ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். பட்டியின் திருகைக் காந்தம் வலுவாக இழுத்தால் அது மலிவான எஃகு. குழாய்முனை நீளமாக இருந்தால், நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு பட்டிகள் போடலாம்.

ரப்பர் குழாயை அழுத்தினால் விறைப்பாக இருக்கிறதா, வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் மாற்றுங்கள். முனையில் பசை பூசி ஒப்பேற்ற வேண்டாம். புதுக் குழாய் ஏறவில்லையென்றால் அதன் நுனியைச் சுடுநீரில் சற்றே முக்கினால் இளகும். கழிப்பறைக் குழாயில் ஈரம் இல்லாமலேயே நாற்றம் அடித்தால், சுடுநீரில் நனைத்த துணியை அதன்மேல் சுற்றி, ஆறியதும் துணியை முகர்ந்து பாருங்கள். துணியில் நாற்றம் ஏறியிருந்தால் குழாயின் சுவரே வாடையை வெளிவிடுகிறது.

பொருந்துவதுபோல் ஏமாற்றும் மரைகள்

இது பழைய அமெரிக்கப் படகு வைத்திருப்போர் பலரைத் தடுமாற வைக்கும் இடம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடைகளில் கிடைக்கும் குழாய் இணைப்புகள் பிஎஸ்பி என்னும் பிரிட்டிஷ் மரை கொண்டவை. அமெரிக்கப் படகுகளில் இருப்பது என்பிடி மரை. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரைகள் இருப்பதால், ஒன்றுக்குள் ஒன்று சில சுற்றுகள் ஏறிவிடும். ஆனால் பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை. விட்டத்திலும் சிறு வேறுபாடு உண்டு. இடைவெளி வழியே நீர் சுருளாக வெளியேறும்.

வெள்ளை டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் இதற்கு அது தீர்வாகாது. பழைய இணைப்பைக் கையோடு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குங்கள். டேப் கூம்பு மரைகளுக்கே உரியது. வாஷரால் அடைக்கப்படும் நேர் மரைக்கு டேப் தேவையில்லை, வாஷரை மாற்றினால் போதும்.

எந்தப் பசை, எந்த இடத்துக்கு?

இப்போதுதான் பசைக்கு வருகிறோம். கடையில் வரிசையாக நிற்கும் குப்பிகளில் எதை எடுப்பது? ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தப் பொருளை நான் மீண்டும் கழற்ற வேண்டியிருக்குமா?

பாலியூரிதேன்: மிக வலுவாகப் பிடிக்கும். அடித்துளைப் பொருத்திகள் போன்ற நீரடிப் பாகங்களுக்கு ஏற்றது. ஆனால் இதன் வலுவான வகைகளைக் கொண்டு ஒட்டியதைக் கழற்றினால் படகின் மேற்பூச்சும் பெயர்ந்து வரலாம். அக்ரிலிக், பாலிகார்பனேட் சன்னல்களில் இதைப் பயன்படுத்தாதீர்கள், பிளாஸ்டிக்கில் வெடிப்பு விழலாம்.

பாலிசல்பைடு: 1920களில் ஜோசஃப் பேட்ரிக் என்ற அமெரிக்க வேதியியலாளர், நீர் உறையாமல் காக்கும் திரவத்தை மலிவாகச் செய்ய முயன்றபோது கிடைத்த நாற்றம் பிடித்த கோந்திலிருந்து பிறந்த குடும்பம் இது. பின்னர் விமானங்களின் எரிபொருள் தொட்டிகளை அடைக்கவும் பயன்பட்டது. நீருக்கடியிலும் தேக்கு மரத்தளத்திலும் நன்றாக உழைக்கும். பிடிப்பு நடுத்தரம், ஆகவே பின்னர் கழற்றலாம். இதையும் பிளாஸ்டிக் சன்னலில் பூசக்கூடாது.

சிலிகோன்: நன்றாக நெகிழும், வெப்பம் தாங்கும், பிளாஸ்டிக்குக்குப் பாதகமில்லை. ஆனால் பிடிப்பு குறைவு. அகற்றிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத படலம் தங்கி, அதன்மேல் வேறு பசையோ சாயமோ ஒட்டாமல் செய்யும். காடி வாசம் வரும் வகை, காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுவதால் சில உலோகங்களை அரிக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே வேண்டாம்.

பியூட்டில் டேப்: காயவே காயாத ஒட்டும் பட்டை. மேல்தளத்தில் திருகி மாட்டப்படும் பொருத்திகளுக்குச் சிறந்தது. எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். எரிபொருள் படும் இடங்களுக்கு ஆகாது.

பசை மெலிந்தால் பலன் இல்லை

பலர் செய்யும் தவறு, பசை முழுவதும் பிதுங்கி வெளியேறும்வரை திருகுகளை இறுக்குவது. ஏன் தவறு என்று பார்ப்போம். 60 சென்டிமீட்டர் நீள அக்ரிலிக் சன்னல் ஓர் அலுமினியச் சட்டத்தில் இருக்கிறது. காலையில் 25 பாகை, நண்பகல் வெயிலில் 55 பாகை என்றால், அக்ரிலிக் ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் 0.4 மில்லிமீட்டர்தான் நீளும். மீதமுள்ள 0.9 மில்லிமீட்டர் அசைவை நடுவிலிருக்கும் பசை தினமும் தாங்க வேண்டும். காகிதம்போல் மெலிந்த பசை கிழியும். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள பசை நெகிழ்ந்து கொடுக்கும்.

ஆகவே பழைய பசையை முழுவதும் சுரண்டி, அசிட்டோன் அல்லது ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவையுங்கள் (அக்ரிலிக், பாலிகார்பனேட் மேல் அசிட்டோன் கூடாது). காற்றோட்டம் இருக்கட்டும், அருகில் நெருப்பு வேண்டாம். பாலியூரிதேன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே இறுகுகிறது. நம் ஊரின் ஈரக்காற்று அதற்கு உதவி, ஆனால் திறந்து வைத்த குப்பியும் விரைவில் கல்லாகிவிடும். வெளியே காய்ந்துவிட்டது என்று நம்பி அவசரப்படாதீர்கள். உள்ளே இறுகப் பல நாள்கள் ஆகலாம். குப்பியில் எழுதியுள்ள காலம் முடிந்த பிறகே படகை நீரில் இறக்குங்கள். இறக்கியதும் பட்டைக் கயிறுகளை உடனே அவிழ்க்கச் சொல்லாமல், ஒவ்வொரு வால்வையும் காய்ந்த தாளால் தொட்டுப் பாருங்கள். தாளில் ஈரம் பட்டால், மீண்டும் மேலே தூக்க அப்போதே வழி இருக்கிறது.

செய்து பாருங்கள்

ஒரு பிளாஸ்டிக் போத்தலில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஒரே அளவுத் துளை இரண்டு போடுங்கள். விரலால் மூடிக்கொண்டு நீர் நிரப்பித் திறந்தால், கீழ்த்துளையிலிருந்து நீர் அதிக வேகத்தோடு பாய்வதைப் பார்க்கலாம். பிறகு கீழ்த்துளையை மட்டும் இரு மடங்கு அகலமாக்கி, போத்தலில் நீர் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்று பாருங்கள்.

அந்தப் போத்தலிலிருந்து நீர் வெளியேறுகிறது. படகில் அதே நீர் உள்ளே வருகிறது. படகு இல்லாதவர்களும் இன்று மாலை தங்கள் வீட்டுத் தொட்டி வால்வை ஒருமுறை தாளால் தொட்டுப் பார்க்கலாம்.